முந்திரி வைத்த மூலை

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அந்த முந்திரிப்பருப்பு என் வாய்க்குள் போனது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், என் கையில் முதல் தடவையாகக் கடிகாரம் கட்டியிருந்ததுதான். அம்மாவின் கடிகாரம். மணிக்கட்டில் நிற்காமல் வழுக்கியதால் முழங்கை வரை ஏற்றி மாட்டிவிட்டிருந்தாள். எனக்கு ஒன்பது வயது. பிரேசர் டவுனில் எங்கள் சந்திலிருந்து பேக்கரிக்குப் போகும் வழியில், யார் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் மேலோ தட்டை இறக்கி வைத்து, துண்டு முடிச்சை அவிழ்த்து, மேலே மூடியிருந்த செய்தித்தாளை விலக்கினேன். சும்மா பார்க்கத்தான் அவிழ்த்தேன். வெண்ணெயில் பிசறிய ரஸ்க் தூள் ஈர மணல் மாதிரி பரந்திருந்தது. அதன் ஒரு மூலையில், பாதி புதைந்து, ஒரே ஒரு முழு முந்திரி.

அது எங்கள் வீட்டு அடையாளம். தெரியாமல் தின்றேன் என்று சொல்ல முடியாது. தெரிந்தேதான் தின்றேன்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வீடுகளில் யாரிடமும் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டுக்கு வீடு கேக் மாவைக் கலக்கித் தட்டில் ஊற்றி, முனையில் இருந்த பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். மதியத்து பன் எல்லாம் வெளியே வந்த பிறகு அங்கே விறகடுப்பின் சூடு மெல்ல இறங்க ஆரம்பிக்கும். இறங்குகிற சூடு ரொட்டிக்கு ஆகாது. எங்கள் கேக்குக்கு அதுதான் பதம். ஆனால் எல்லா வீட்டுத் தட்டும் ஒரே பாத்திரக் கடையில் வாங்கிய சதுர அலுமினியத் தட்டு. பெயர் எழுதிய சீட்டு சூட்டில் கருகிவிடும். அதனால் ஒரு வீட்டில் கிராம்பு செருகுவார்கள், இன்னொரு வீட்டில் கத்தி நுனியால் கோடு கீறுவார்கள். எங்களுக்கு முந்திரி.

அன்று கிறிஸ்துமஸ் இல்லை. ஆகஸ்ட் மாதத்து மழை நாள், சனிக்கிழமை. வேறு யாருடைய தட்டும் அங்கே இருக்கப் போவதில்லை, இருப்பது ஒரே தட்டு என்றால் அதற்கு எதற்கு அடையாளம் என்பது என் கணக்கு. ஒன்பது வயதுக்கு மோசமான கணக்கு இல்லை. இருந்த இடம் தெரியாமல் ரஸ்க் தூளை விரலால் நிரவிவிட்டு, முடிச்சைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அந்தத் தட்டு சித்திக்காகச் செய்தது.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மே மாத லீவில் வந்தபோது பெரிய வயிறோடு வந்து, அதன் மேல் சாப்பாட்டுத் தட்டை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, மேஜை வாங்கிட்டேன் பாரு என்று என்னைச் சிரிக்க வைத்தவள். ஜூன் கடைசியில் வந்தபோது வயிறு இல்லை. குழந்தையும் இல்லை. எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில இருக்குது என்று அம்மா சொன்னாள். அதற்கு மேல் கேட்கவிடவில்லை. மிச்சத்தை நானே யோசித்து வைத்துக்கொண்டேன். ஏழு மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தை, எடை போதவில்லை, டாக்டர்கள் வைத்துக் கொழுக்க வைக்கிறார்கள், எடை ஏறியதும் கொடுத்துவிடுவார்கள். என் பழைய கிலுகிலுப்பையைத் தேடி எடுத்து சோப்புப் போட்டுக் கழுவி ஜன்னலில் காயவைத்தேன். மறுநாள் அதைக் காணவில்லை. அம்மாதான் எடுத்து ஒளித்துவிட்டாள் என்று தெரிந்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

சித்தி எங்களோடு இருந்த அந்த நாற்பது நாளில் எங்கள் வீட்டில் சில சின்னச் சின்ன மாற்றங்கள் நடந்தன. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை அம்மா ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினாள். மழையில் மரம் ஊறி இறுகிப்போச்சு என்றார் அப்பா. அதன் பிறகு உள்ளே யாரோ இருப்பது வெளியே தெரிவதற்காக நான் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தேன். சித்தி குளிக்கப் போனால் அம்மா கதவுக்கு வெளியே முறத்தோடு உட்கார்ந்து, காலையில் கல் பொறுக்கிய அதே அரிசியில் மறுபடி கல் பொறுக்குவாள். தையல் கம்பெனி வேலைக்கு லீவு போட்டிருந்தாள். மார்க்கெட்டுக்குப் போவதில்லை, சர்ச்சுக்கும் போவதில்லை. காய்கறி வாங்கும் வேலை அப்பாவுக்கு வந்து, அவர் முற்றின வெண்டைக்காயாகப் பார்த்து வாங்கி வந்தார். அம்மா சோம்பேறி ஆகிவிட்டாள் என்று நான் முடிவு செய்தேன்.

சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். ஒரு வேளைக்கு இரண்டு வாய் இறங்கினால் அதிகம். கறி வாசனை வந்தால் கொல்லைப்புறம் ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். அதனால் வீட்டில் கறி நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா என்னை மட்டும் வெளியே கூட்டிப் போய் பிரியாணி வாங்கிக் கொடுத்து, திரும்பும்போது இருவரும் பீடாக் கடையில் சோம்பு மென்றுகொண்டு வருவோம். ஞாயிறு சாயங்காலம் சித்தப்பா ஓசூரிலிருந்து பஸ் ஏறி ஆப்பிள் பையோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சித்தி திரும்ப மாட்டாள். ஆப்பிளை நான் தின்பேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம், தினமும் கேட்கிற மாதிரி அம்மா கேட்டாள், இன்னாடி சாப்புடுவே என்று. சுவரைப் பார்த்தபடியே சித்தி சொன்னாள்.

"ஓவன் கிழங்கு."

அம்மாவும் சித்தியும் வளர்ந்தது குக் டவுனில் ஒரு பங்களாவின் பின்கட்டில். அவர்களுடைய அப்பா அங்கே சமையல்காரர். மழை பெய்தால் துரைசாணி அம்மாவுக்கு இந்தக் கிழங்கு வேண்டும். சாப்பாட்டு மேஜையிலிருந்து தட்டு திரும்பி வரும்போது மூலைகள் மட்டும் மிஞ்சியிருக்கும். அவை கருகல் என்று மேஜைக்காரர்கள் தொடுவதில்லை. அந்த மொறுமொறுப்பைச் சுரண்டி அவர் மகள்களுக்குக் கொடுப்பார். நாலு மூலை, இரண்டு பெண்கள், சரியாகப் பிரியவேண்டியது. ஆனாலும் அடிதடி நடக்குமாம். நாலில் ஒன்று எப்போதும் மற்றதைவிட அதிகமாகச் சிவந்திருக்கும்.

அம்மா அப்படி வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. கிழங்கை அரை வேக்காட்டில் எடுத்து வட்ட வட்டமாக நறுக்கினாள். வெங்காயத்தை வெண்ணெயில் கண்ணாடி மாதிரி வதக்கினாள். பாலில் மைதாவைக் கட்டி தட்டாமல் கிளறி, மிளகு தட்டிப் போட்டு, கால் டப்பா சீஸைத் துருவினாள். கிழங்கு ஓர் அடுக்கு, வெங்காயம் ஓர் அடுக்கு, மேலே பால் குழம்பு, மறுபடி கிழங்கு. ரஸ்கைத் துணியில் கட்டி நான் பூரிக்கட்டையால் அடித்தேன். சத்தம் கேட்டு சித்தி எழுந்து வந்து சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்தாள். அவிழ்ந்த முடியும் கசங்கிய நைட்டியுமாக, யாரோ கொண்டுவந்து வைத்தது போல உட்கார்ந்திருந்தாள்.

"மாவாக்கிடாத. கொஞ்சம் கல்லு கல்லா இருக்கட்டும்" என்றாள் என்னிடம்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மேல் தட்டு டப்பாவைத் திறந்து முந்திரி ஒன்றை எடுத்து மூலையில் பதித்தாள்.

"முந்திரி வெச்ச மூல உனக்கு. சண்ட போடக் கூடாது."

சித்தி தலையாட்டினாள். இவ்வளவுதான். ஆனால் இதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதையும், அதற்குப் பிறகும் சுவர் மேல் தட்டை வைத்து முடிச்சை அவிழ்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வழக்கமாக பேக்கரிக்கு அம்மாதான் போவாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். பஸ் போகும் ரோட்டை நான் தனியாகக் கடந்ததே கிடையாது. எதிர்ச்சாரியில் பென்சில் வாங்கப் போனால்கூடக் கையைப் பிடித்துக்கொண்டுதான். அன்று அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனாள். கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். மறுபடி கட்டிலைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைக் கழற்றி எனக்கு மாட்டினாள்.

"நேரா போ. பாய் கையில குடு. அங்கயே பெஞ்சுல உக்காரு. வெந்ததும் வாங்கினு நேரா வா. நாலேகாலுக்கு வீட்ல இருக்கணும். பஸ் வந்தா?"

"நிப்பேன்."

"போனப்பறமும் நில்லு. பின்னாடியே இன்னொண்ணு வரும்."

நான் பெரியவளாகிவிட்டேன், அதை அம்மா ஒருவழியாகக் கவனித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் ரோட்டைக் கடந்தபோது கடிகாரக் கை மேலே தெரியும்படி தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பேக்கரி பாய் தாடியில் மாவோடு அடுப்பு வாய்க்கு முன்னால் நின்றிருந்தார்.

"க்யா பேட்டி, கிறிஸ்மஸ் அதுக்குள்ள வந்துட்ச்சா?" என்று முடிச்சை அவிழ்த்தவர் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "காஜு எங்க?"

"இன்னிக்கு வேணாம்னு அம்மா சொல்ட்டாங்க."

அவர் ஒரு பிடி மைதாவை அடுப்புக்குள் வீசி, அது நிறம் மாறுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, நீளக் கட்டை மேல் தட்டை வைத்து உள்ளே தள்ளினார். உள்ளே செங்கல் தரையில் ஏற்கெனவே ஒரு சதுரத் தட்டு இருந்தது. அதன் மேலேயும் ரஸ்க் தூள். பார்த்தேன். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் முந்திரியைச் சொல்லவேண்டும்.

முன்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்த தில்பசந்து பன்களை எண்ணினேன். நாலு மணிக்குப் பாய் என் துண்டில் கட்டிய தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கையில் வாங்கும்போதே தெரிந்துவிட்டது. புதினா வாசனை. அதற்கு அடியில், எங்கள் வீட்டுக்குள் வரவே கூடாத வாசனை.

"இது எங்களுது இல்ல."

பாய் குனிந்து முகர்ந்தார். "கீமா. கொத்துக்கறி" என்றார் மெதுவாக. அந்த இன்னொரு தட்டுக்குச் சொந்தக்காரி, துணி தைக்கிற டெய்லரக்கா, பின் வாசல் வழியாக வந்து, முன்னால் இருந்த எங்கள் தட்டை வாங்கிப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. "முந்திரி இருந்தா உங்களுது, இல்லாட்டி அவங்களுது. எப்பவும் அப்டித்தானே. சரி உடு, அவங்களுது இன்னும் டேஸ்ட்டா இருக்கும். எடுத்துனு போ."

நான் நகரவில்லை. டெய்லரக்கா எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும், எந்த வீடு என்று தெரியாது. சாயங்கால ரொட்டி காத்துக்கொண்டிருந்தது. அவரால் போக முடியாது. திறந்து பார்த்தால் அவளே வருவாள் என்றார். மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலேகால் ஆனது. நாலரை ஆனது. கடிகாரம் கட்டிக்கொள்வதில் இப்படி ஒரு தொந்தரவு உண்டு என்று அதுவரை தெரியாது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தவேண்டியிருக்கிறது.

எனக்கு இப்போது நாற்பத்தேழு வயது. பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். என் மகளுக்குப் பதினேழு. சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதப் போவதில்லை, அது அவளுடையது. அவள் இருக்கிறாள். அடுத்த அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, தனியாக விடவேண்டாம் என்று டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு, அவள் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். மூன்றாவது ஸ்க்ரூவைச் சுற்றும்போதுதான், இதே வேலையை இன்னொரு பெண் செய்து நான் பார்த்திருக்கிறேன் என்று உறைத்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மழையில் ஊறின மரம். இத்தனை வருடம் நான் அதை நம்பியிருந்தேன்.

இன்று அந்தக் கிழங்கைச் செய்தேன். இப்போது எல்லார் வீட்டிலும் ஓவன் இருக்கிறது. ரஸ்க் தீர்ந்திருந்தது, எதிரே கடை, ஆனால் வெளியே போகப் பயம். போனில் அழுத்தினேன், பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்தது. யாரையும் தனியாக ரோட்டைக் கடக்க அனுப்பவேண்டியதில்லை. அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. பக்கத்து வீட்டில் சொல்லி உட்காரவைக்கலாம் என்றால், ஏன் என்று சொல்லவேண்டும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பயத்தை இரண்டு கையில் தூக்கிப் பார்த்து, ஒன்றை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

பேக்கரிக்கு வருகிறேன். ஐந்து மணிக்கு டெய்லரக்கா குடையை மடக்கிக்கொண்டே பின் வாசலில் நுழைந்தாள். கையில் எங்கள் தட்டு.

"இன்னா பாய், கோலாருலேர்ந்து எந்தம்பி வந்துகிறான், கறி கறின்னு சொல்லி உக்கார வெச்சிக்கிறேன். ஒரு வாய் வெச்சிட்டு, 'இன்னாக்கா, ஆடு ஓடிப்போச்சா'ன்னு கேக்குறான். மானம் போச்சு."

எனக்கு உயிர் வந்தது. தட்டைப் பார்த்ததும் போய்விட்டது. நாலு மூலையில் ஒன்று இல்லை. அந்தத் தம்பி வைத்த ஒரு வாய் நல்ல பெரிய வாய்.

நான் அழ ஆரம்பித்தேன். மிச்சம் மூணு மூல இருக்குதே என்றாள் டெய்லரக்கா. முந்திரி மூலை எது என்று தெரியவில்லையே என்றேன். எந்த முந்திரி என்றார் பாய். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. முந்திரி, சுவர், சித்தி, சுவரைப் பார்த்துக்கொண்டே ஓவன் கிழங்கு என்று சொன்னது, முந்திரி வைத்த மூலை அவளுக்கு என்று அம்மா வாக்குக் கொடுத்தது. சித்திக்கு இன்னா உடம்பு என்று கேட்டாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. பாப்பா ஆஸ்பத்திரியில இருக்குது. சின்னதா பொறந்துட்ச்சு. குண்டானதும் குடுப்பாங்க."

"எத்தினி நாளாச்சு?"

"நாப்பது நாள். சித்தி பாக்கக்கூடப் போவல. படுத்துனே இருக்காங்க."

டெய்லரக்கா பாயைப் பார்த்தாள். பாய் அடுப்பைப் பார்த்தார். தம்பி காத்திருக்கிற தன் கீமாத் தட்டைப் பலகை மேல் தள்ளி வைத்துவிட்டு, அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"பாய், உங்ககிட்ட கெழங்கு இருக்குதா?"

பஃப்ஸுக்குள் வைக்கிற கிழங்கு மசாலா இருந்தது. மஞ்சள் போட்டது. பரவாயில்லை என்றாள். ஒரு கரண்டியால் பள்ளத்தின் ஓரங்களைச் செதுக்கி, மசாலாவை அடைத்து, தன் விரலாலேயே மூலைக்குக் கூர்மை கொடுத்தாள். சட்டைக் காலர் முனையைத் திருப்பிக் கூராக்குகிற பெண். பாய் நாலு ரஸ்கை உள்ளங்கையில் நொறுக்கினார். மாவாக்கக் கூடாது, கல்லு கல்லாக இருக்கணும் என்று நான் சொன்னேன். ஜி மேம்சாப் என்றார். மேலே வெண்ணெய் தடவினார். பிறகு டப்பா ஒன்றைத் திறந்து ஒரு முந்திரியை எடுத்து என் கையில் கொடுத்து, நீயே வை என்றார். ஒட்டுப்போட்ட மூலையிலேயே வைத்தேன். அதுதான் நியாயம் என்று பட்டது. ரொட்டிக்காகச் சூடேற்றியிருந்த அடுப்பில், வாய்க்கு அருகிலேயே தட்டைப் பத்து நிமிடம் வைக்கவேண்டியிருந்தது. அக்காவும் போகவில்லை. சிவக்கிறதா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மணி ஐந்தரை.

அந்த ஒன்றேகால் மணி நேரம் வீட்டில் என்ன நடந்தது என்று சென்ற வாரம்தான் எனக்குத் தெரிந்தது. சித்திக்கு இப்போது அறுபதுக்கு மேல். என் மகளின் விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து தினம் போன் செய்கிறாள். தாழ்ப்பாளைப் பற்றி நான் கேட்டதும் சொன்னாள். நாலேகாலிலிருந்து அம்மா வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்திருக்கிறாள். ஐந்தேகாலுக்கு உள்ளே வந்து கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளைய காணோம்டின்னா. 'நான் போய்ப் பாக்கணும். உன்ன விட்டுட்டுப் போவ பயமா இருக்குது. நீயே சொல்லு, நான் இன்னா பண்றது'ன்னு என்னயே கேக்குறா. அதுவரைக்கும் எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கல கண்ணு. சாப்புடு, தூங்குன்னுதான் சொன்னாங்க."

அதற்கு நீ என்ன சொன்னே என்றேன். எழுந்து உன்னத் தேடி வந்துட்டேன் என்றாள்.

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டை வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. பேக்கரிப் பின் வாசல் படியிலேயே, அடுப்பின் சூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சித்தி முந்திரி மூலையை விரலால் பெயர்த்து ஊதி ஊதித் தின்றாள். பாதியில் நிறுத்தி, "இதுல மஞ்சள் யாரு போட்டதுக்கா?" என்று அம்மாவைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். சுளித்துக்கொண்டே மீதியையும் தின்றுவிட்டு, அடுத்த மூலைக்குக் கை நீட்டினாள். அம்மா தன் பங்குக்கு எதையும் தொடவில்லை. மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு மூலை குறைந்ததற்காக இவ்வளவு அழுகையா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவும் பாய் முன்னால். டெய்லரக்கா அவள் தோளில் கை வைத்து நின்றிருந்தாள். கீமா ஆறிக்கொண்டிருந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு.

முதலில் பின் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். சித்தி. மழையில் நனைந்து, செருப்பில்லாமல், முடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொண்டு. நாற்பது நாளாக வாசற்படி தாண்டாதவள் பஸ் ரோட்டைக் கடந்து வந்து நின்றாள். என் இரண்டு கைகளையும் பிடித்தாள். கடிகாரம் கட்டிய கை வலித்தது. தலையிலிருந்து கால் வரை பார்த்தாள், மறுபடி தலைக்கு வந்தாள். திட்டு விழப்போகிறது என்று நினைத்து, சித்தி, முந்திரிய நான்தான், என்று ஆரம்பித்தேன். அவள் காதில் அது விழவில்லை. என்னை விடாமலே தெருப்பக்கம் திரும்பினாள். அங்கே, ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் அப்பாவின் செருப்புமாக அம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இருக்கா. இங்கதான் இருக்கா."

இதில் கூவிச் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பெஞ்சிலேயே உட்காரு என்று சொன்னது அம்மாதான். நான் வேறெங்கே போயிருப்பேன்? அம்மா நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேனோ என்னவோ, நானும் கையை ஆட்டினேன். சித்தி என் தலையைத் தன் ஈர வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, இந்தத் தடவை கூவாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"இருக்காக்கா. நம்ம புள்ள இருக்கா."